காலஞ்சென்ற கிளாரிட்ஜ் எழுதிக்கொள்வது

கிராலி,
மழை விடாத வெள்ளிக்கிழமை.

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய யூலாலி அக்காவுக்கு,

உன் தம்பி ஒனெசிம் கிளாரிஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. மாதாவின் கருணையாலும் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற ரத்த அழுத்த மாத்திரையாலும் நான் நலம். என் வீட்டுக்காரி மிரேலும் நலம். அவளுக்கு மாத்திரை தேவைப்படுவதில்லை, அவளுடைய அழுத்தத்தையும் என்னிடமே கொடுத்துவிடுகிறாள். உன் முழங்கால், உன் கோழிகள், உன் மகள் ஜோசெட், அனைவரும் போர்ட் லூயியில் சௌக்கியமென்று நம்புகிறேன்.

போன கடிதத்தில் நீ ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாய். புயல் காலம் வருகிறது, தகரக் கூரை சல்லடையாகக் கிடக்கிறது, புதிதாக மாற்றுவதா, அல்லது எப்படியும் நம் பொடாம் தீவுக்குத் திரும்பப் போகிறோமே, எதற்கு வீண் வேலை என்று விட்டுவிடுவதா? "நீ லண்டன்லதானே இருக்கே, நாடாளுமன்றத்துல நம்ம சாகோஸ் தீவுகளைப் பத்திப் பேசப்போறாங்களாம், நேர்ல போய்க் கேட்டுட்டு வந்து சொல்லு" என்றாய். நான் இருப்பது லண்டன் இல்லை, கிராலி, என்று எழுதி எழுதி என் கைதான் தேய்ந்தது. ஆனாலும் போனேன் அக்கா. கேட்டேன். சொல்கிறேன், உட்கார்ந்து படி.

இங்கே நம் ஆட்கள் இரண்டு கட்சி என்பது உனக்குத் தெரியும். தீவுகளை மொரீஷியஸிடம் கொடுத்தால்தான் நாம் திரும்ப முடியும் என்பவர்கள் ஒரு கட்சி, சிவப்புச் சட்டை. பிரிட்டனே வைத்துக்கொண்டு நம்மைத் திருப்பி அனுப்பட்டும் என்பவர்கள் இன்னொரு கட்சி, நீலச் சட்டை. எங்கள் மன்றத்துப் பையன் கிளென்சி ஏற்பாடு செய்ததோ ஒரே ஒரு பஸ். அதனால் சிவப்பு இடப்பக்கம், நீலம் வலப்பக்கம், நடுவில் நடைபாதை, அதில் மிரேல் கட்டிக்கொண்டு வந்த ஆக்டோபஸ் குழம்புத் தூக்கு. கிளென்சி சிவப்பு, மிரேல் நீலம். நான் எந்தக் கட்சி என்று நீ கேட்க வேண்டாம், ஜன்னலோரம் எங்கே காலியோ அந்தக் கட்சி. பஸ் கிராலி எல்லையைத் தாண்டவில்லை, அதற்குள் மிரேல் ஆரம்பித்துவிட்டாள்: "நம்மளைக் கொண்டுபோய் போர்ட் லூயி துறைமுகத்துல தள்ளினப்போ மொரீஷியஸ்காரன் ஒரு வாய்த் தண்ணி குடுத்தானா? அவன்கிட்டயா குடுக்கச் சொல்றே?" கிளென்சி எழுந்து நின்றான். "தள்ளச் சொன்னது யாரு? உனக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைக் குடுத்த மகராசன்தானே! அதைத் தலைமாட்டுல வெச்சுத் தூங்கு." "தூங்குவேன். உன்னை மாதிரி முதுகெலும்பு இல்லாம மேடைக்கு மேடை மாறமாட்டேன்." "மிரேலக்கா, குழம்பு சிந்துது, காலை எடு." இந்த ரீதியில் லண்டன் வரைக்கும். நாடாளுமன்றத்தைப் பார்க்கப் போகிற செலவே தேவையில்லை, பஸ்ஸிலேயே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, பஸ்ஸில் நடந்தது எவ்வளவோ மேல். எங்களுக்குத் தீவின் பெயராவது சரியாகத் தெரிந்திருந்தது.

வாசலில் சோதனை. வாசகம் எழுதின சட்டையோடு உள்ளே போகக்கூடாது, தேசப் பாதுகாப்பு என்றார்கள். எல்லோரும் ஓர் ஓரமாக ஒதுங்கிச் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டோம். சிவப்பும் வெளுத்துவிட்டது, நீலமும் வெளுத்துவிட்டது, எல்லோர் முதுகிலும் தையல்தான் தெரிந்தது, யார் எந்தக் கட்சி என்று அவரவருக்கே சந்தேகம். அடுத்தது தூக்கு. நான் இருபது வருஷம் விமான நிலையத்தில் பிறத்தியாரிடம் பிடுங்கிய புட்டிகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டியவன், எனக்கு இந்த வேலையெல்லாம் அத்துப்படி, வெளியிலேயே வைத்துவிடலாம் என்று மிரேலிடம் கெஞ்சினேன். கேட்டாளா? கருவியின் திரையில் சுருண்ட கால்களைப் பார்த்த அந்தப் பெண் அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டாள். "இது என்ன சார்?" "குழம்பு அம்மா. தேங்காய்ப்பால் ஊத்தினது." "உயிரோட இருக்கா?" "இல்லம்மா, நேத்துலேர்ந்து இல்ல." தூக்கை ஒரு பையில் கட்டி, எண் போட்டு, பத்திரமாக ஒரு அலமாரியில் வைத்தார்கள். அன்றைக்கு நம் பக்கத்தில் முறையான கவனிப்புக் கிடைத்தது அந்த ஆக்டோபஸ் ஒன்றுக்குத்தான்.

பார்வையாளர் மாடத்துக்கும் கீழே சபைக்கும் நடுவில் கனமான கண்ணாடி, அக்கா. அவர்கள் பேசுவது ஒலிபெருக்கி வழியாக நமக்குக் கேட்கும், நாம் தும்மினாலும் அவர்களுக்குக் கேட்காது. நாங்கள் போனபோது சபையில் எள் போட்டால் விழாது, ஒரே கூச்சல். எவ்வளவு அக்கறை என்று எனக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. பிறகு பார்த்தால் அது வேறு ஏதோ விஷயம். சபாநாயகர் நம் தீவுகளின் பெயரைப் படித்ததும் படம் முடிந்து விளக்குப் போட்டாற்போல எல்லோரும் எழுந்து கதவை நோக்கிப் போனார்கள். மிச்சம் உட்கார்ந்திருந்தவர்களை நம் பஸ்ஸில் ஏற்றினால் பாதி இருக்கை காலியாக இருக்கும். ஒருவர் எழுந்து, நம் தீவுகளில் அமெரிக்கப் படைத்தளம் இருக்கிற டியேகோ கார்சியாவின் ஓடுபாதை எவ்வளவு நீளம் என்றார். இன்னொருவர் அதைவிட நீளம் என்றார். ஒருவர் கடலுக்கடியில் போகிற கேபிளைப் பற்றிக் கவலைப்பட்டார். ஒரு அம்மாள், கடல்கடந்த பிரதேசம் ஒன்றை விட்டால் மற்றதெல்லாம் வரிசையாகப் போய்விடும் என்று ஒவ்வொன்றின் பெயராகச் சொல்லிக்கொண்டே வந்து, பாதியில் ஒரு பெயர் மறந்து பக்கத்திலிருந்தவரைக் கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு நல்ல மனிதர் தேங்காய் நண்டைப் பற்றிப் பேசினார் பார், உருகிவிட்டார். அந்த நண்டுக்குப் பிறந்த மண்ணில் வாழ உரிமை இருக்கிறதாம், அதை எந்த அரசும் அங்கிருந்து அப்புறப்படுத்தக்கூடாதாம். எல்லோரும் "ஆமாம், ஆமாம்" என்றார்கள். மிரேல் என் காதில், "உங்கம்மா உன்னை நண்டாப் பெத்திருக்கலாம்" என்றாள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எங்கள் தொகுதி எம்.பி. திருமதி ஹார்க்ரீவ்ஸ் கொஞ்ச நாள் முன்பு எங்கள் மன்றத்துக்கு வந்து, சோறும் குழம்பும் சாப்பிட்டு, "உங்களுக்கு என்னதான் வேணும், சொல்லுங்க" என்று என்னைக் கேட்டாள். நான் மனதில் பட்டதைச் சொன்னேன்: "எனக்கு என் ஊருக்குப் போகணும்மா. அங்க எந்தக் கொடி பறந்தாலும் சரி. கம்பம் ஒண்ணு இருந்தாப் போதும், துணி காயப்போடக் கொடி கட்டிக்குவேன்." அவள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். அன்றைக்குச் சபையில் எழுந்து, "என் தொகுதியின் முதியவர் திரு. கிளாரிட்ஜ் ஊருக்குப் போக ஏங்குகிறார், ஆகவே தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் இந்த ஒப்பந்தம் நிறைவேற வேண்டும்" என்றாள். பெயர் போனால் போகட்டும், யாரோ ஒரு கிளாரிட்ஜாவது ஊருக்குப் போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன். உடனே எதிர்ப்பக்கத்தில் நரைத்த புருவக்காரர் ஒருவர் துள்ளி எழுந்தார். "அதே திரு. கிளாரிட்ஜ் கம்பத்தைப் பற்றிச் சொன்னதை அம்மையார் ஏன் மறைத்தார்? அந்தக் கம்பத்தில் நம் கொடி பறக்க வேண்டும் என்பதுதானே அந்த மனிதரின் வாழ்நாள் கனவு!" என்றார். என் துணிக்கொடியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள் அக்கா, அரை மணி நேரம். கடைசியில் மூன்றாவதாக ஒருவர், மிகவும் சாந்தமானவர், எழுந்து, "காலஞ்சென்ற திரு. கிளாரிட்ஜின் பெயரைச் சொல்லி நாம் சண்டையிடுவது அந்த ஆன்மாவுக்கு அழகல்ல" என்றாரே பார்க்கலாம்! இரண்டு பக்கமும் அடங்கிவிட்டது. சிலர் தலையைக் குனிந்தார்கள். திருமதி ஹார்க்ரீவ்ஸும் குனிந்தாள்! என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டவள்!

நான் எழுந்துவிட்டேன். "நான் சாகலய்யா! இங்கதான் இருக்கேன்! என் பேரு கிளாரிஸ்!" என்று கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கத்தினேன். கீழே ஒருவருக்கும் கேட்கவில்லை. திருமதி ஹார்க்ரீவ்ஸ் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். நான் கையசைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவளும் சிரித்துக் கையசைத்தாள்.

மாடத்துக் காவலர் வந்து என் முழங்கையைப் பிடித்தார். கறுப்புக் கோட்டு, பூ மாதிரி பிடி, நல்ல மனிதர். "ஐயா, இங்க பேசக்கூடாது." "என்னைச் செத்துட்டேன்னு சொல்றாங்க." "இருக்கலாம் ஐயா. ஆட்சேபம் இருந்தா உங்க எம்.பி.க்கு எழுதிப் போடுங்க." "பேரை மாத்தினதே அந்தம்மாதான்!" "வாங்க ஐயா, வெளிய போயிடலாம். தப்பா எடுத்துக்காதீங்க, இது பாதுகாப்பு விஷயம்."

அக்கா, அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பொடாமில் நம்மைக் கப்பலில் ஏற்றியபோது படகுத்துறையில் நின்ற அதிகாரி அம்மாவிடம் இதே வார்த்தையைத்தானே சொன்னான்? நான் உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "என்னடி சொல்றான்?" என்று உன்னைக் கேட்டாள். உனக்கும் தெரியாது. "சீக்கிரம் கூட்டிட்டு வந்துருவாங்களாம்மா" என்று நீயாக ஒன்றைச் சொன்னாய். இப்போது எனக்கு ஆங்கிலம் தெரியும், அந்த வார்த்தைக்கு அர்த்தமும் தெரியும். தெரிந்தும் நான் போன வழி அதேதான். காவலர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "பக்கத்துல யாராவது இருக்காங்களா ஐயா?" என்றார். "அப்ப இருந்தாங்க" என்றேன்.

பிறகு தூக்கை வாங்கிக்கொண்டு ஆற்றோரப் பெஞ்சில் தூறலில் உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். "ஜெயிச்சது யாரு?" என்று கிளென்சியைக் கேட்டேன். "ஓட்டே எடுக்கல." "பின்ன?" "'இந்தச் சபை இந்த விஷயத்தைப் பரிசீலித்தது'ன்னு தீர்மானம் போட்டுட்டாங்க." "பரிசீலிச்சு?" "பரிசீலிச்சாச்சு. அவ்வளவுதான் மாமா." திரும்பி வரும்போது சட்டையைச் சரியாகப் போட்டுக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. இடம், வலம் இல்லாமல் கலந்து உட்கார்ந்தார்கள். கிளென்சிக்கு மிரேல் தன் கையால் குழம்பு ஊற்றினாள், அவனும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டான். சண்டை போடுகிறவரைக்கும் நமக்கு ஏதோ ஒன்று மிச்சமிருந்தது அக்கா.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: கூரையை மாற்று. நல்ல கனமான தகரமாகப் போடு, காற்றுக்குத் தாங்குகிற மாதிரி ஆணி அடிக்கச் சொல். மூட்டை கட்டி வைத்திருக்கிற போர்வைகளைப் பிரித்து வெயிலில் போடு. நாம் எங்கேயும் போகவில்லை. நான் கிராலியில் செத்து, இங்கே மழையில் புதைந்துகொள்கிறேன். பாதி வேலையைச் சபையிலேயே முடித்துக் கொடுத்துவிட்டார்கள். இனி அந்தக் கட்டடம் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன். இது சத்தியம்.

ஜோசெட்டுக்கு என் ஆசிகள். கோழிகளுக்கு என் அன்பு. மாதா உன் முழங்காலையும் உன் கூரையையும் காப்பாளாக.

என்றும் உன் பாவாடை நுனியைப் பிடித்தபடி,
ஒனெசிம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது திருமதி ஹார்க்ரீவ்ஸ் அலுவலகத்திலிருந்து போன். வருத்தம் தெரிவித்தார்கள். சபைக் குறிப்பில் என்னை உயிரோடு திருத்திவிட்டார்களாம். அடுத்த வியாழக்கிழமை தேசப் பாதுகாப்புக் குழு ஒன்று கூடுகிறதாம், தீவில் பிறந்தவர் ஒருவர் நேரில் வந்து பேச வேண்டுமாம், நடுவில் கண்ணாடி கிடையாதாம். எனக்கு இஷ்டமில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே மிரேல் என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள். மதியத்துக்குள் நானே திரும்பப் போன் செய்து, எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். கூரைக்காரனை வரச் சொல்லிவிட்டாயா அக்கா? சொல்லியிருந்தால் ஒரு வாரம் பொறுக்கச் சொல். அதுவரை, ஒழுகுகிற இடத்தில் ஒரு அண்டாவை வை.