பிடரியில் இரண்டு விரற்கடை

மனிதத் தோலின் நன்மைக்காக ஒரு லிஃப்ட் நிறுவனம் ஆற்றிய தொண்டை வரலாறு பொன்னெழுத்தில் பொறிக்கும். பொறிக்கும்வரை பொறுக்க முடியாமல், அந்த நிறுவனத்தின் வரவேற்பாளர் பிடரியைச் சொறிந்துகொண்டிருந்தார்.

அரிப்பு விசித்திரமானது. தோள், முதுகு, கை எல்லாம் புதிய பட்டுச் சட்டைக்குள் சுகமாக இருந்தன. தலைமுடியின் எல்லைக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் மட்டும் தீயாய் எரிந்தது. அந்த இடம் செய்த பாவம் என்ன என்று அவருக்கு விளங்கவில்லை.

பட்டுச் சட்டையைக் கொண்டுவந்தவர் ஊழியர் நலத்துறை மேலாளர். ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் ஞானம் பெற்றுத் திரும்பியவர். அதுவரை எல்லாருக்கும் பாலியஸ்டர் சட்டை. அது வியர்வையைக் குடிக்காது; உடம்பிலேயே நிறுத்திவைக்கும். முதுகெல்லாம் வேர்க்குரு. பட்டு அப்படியல்ல. கம்பளி இழையில் மீன் செதில்போல அடுக்கு உண்டு. பருத்தி இழை முறுக்கிவிட்ட நாடா மாதிரி இருக்கும். பட்டோ ஒரு புழு நிறுத்தாமல் சுற்றிய நீண்ட ஒற்றை இழை. வழவழப்பானது. தோலை உரசாமல் வழுக்கிக்கொண்டு போகும். வியர்வையையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இரண்டே வாரத்தில் வேர்க்குரு விடைபெற்றது. பிடரி மட்டும் 'ஒத்துழைக்க மறுத்தது'.

மற்றவர்களுக்கும் அரித்தது. ஆனால் அவர்களுக்கு மறைவு இருந்தது. எழுத்தர்கள் அலமாரிக்குப் பின்னால் சொறிந்தார்கள். பொறியாளர்கள் லிஃப்டுக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டு சொறிந்தார்கள். வரவேற்பாளருக்கு இருந்ததோ வாசலைப் பார்த்த கண்ணாடி மேசை.

புகார் கொடுத்தார். மேலாளர் கண்ணை மூடிக் கேட்டார்.

"பட்டு அரிக்காதும்மா. கருத்தரங்குலயே சொல்லிட்டாங்க."

"அரிக்குதே சார்."

"அப்ப உங்களுக்கு நம்பிக்கை பத்தலை."

நம்பிக்கையூட்ட நடவடிக்கை உடனே பாய்ந்தது. எல்லாச் சட்டைகளின் காலரிலும், 'தூய பட்டு' என்ற லேபிளின் மேல் 'தோலுக்கு உகந்தது' என்று இன்னொன்று தைக்கப்பட்டது. அரிப்பு கூடியது. இரண்டாவது புகாருக்கு மூவர் குழு கூடியது. 'நிபுணர்கள் சோதித்தது' ஏறியது. மூன்றாவது புகாருக்கு, 'அரிப்பு அறவே இல்லை' என்று ஐந்து மொழிகளில் ஒரு மடிப்பு லேபிள். காலருக்குள் ஒரு சிறு நூலகமே உருவாகிவிட்டது.

அந்த வாரம் வந்த வாடிக்கையாளர் ஒருவர், "பேன் தொல்லையாம்மா?" என்று பரிவாகக் கேட்டுவிட்டு நாலடி தள்ளி நின்றார். மேலாளர் ஒரு படிவம் தயாரித்தார்: 'என் தோல் பட்டுக்குத் தகுதியற்றது என ஒப்புக்கொள்கிறேன்.' வெள்ளிக்கிழமை கையெழுத்து. திங்களிலிருந்து அடித்தள உதிரிபாகக் கிடங்கில் வேலை.

"அங்க யாரும் பார்க்க மாட்டாங்க," என்றார் கருணையோடு. "நிம்மதியா சொறியலாம்."

பதினொரு வருடமாக, உள்ளே நுழைபவரின் முகத்தைப் பார்த்தே எந்த மாடிக்கு வந்தவர் என்று சொல்லிவிடக்கூடியவர் அவர். இனி கிரீஸ் டப்பாவின் முகத்தில் என்ன படிப்பது?

வியாழன் மாலை வீட்டில், சட்டையின் உட்புறம் வெளியே வரும்படி புரட்டிப் போட்டுக்கொண்டு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தார். கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, சட்டையைப் புரட்டிப் போட்டிருக்க?"

"பேசாம இருங்க. ஆராய்ச்சி."

"எவ்வளவு நேரம்?"

"அரிக்கிற வரைக்கும்."

"அப்ப சமையல் நான்தானா?"

அரிக்கவே இல்லை. கணவர் சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடித்த பிறகும் அரிக்கவில்லை. அதே பட்டு, அதே கழுத்து. கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்த எது இப்போது வெளியே போயிருக்கிறது? கையைப் பின்னால் விட்டு லேபிள் கட்டைத் தடவினார். பாலியஸ்டர் நாடா, சூட்டுக் கத்தியால் அறுத்தது. உருகி இறுகிய ஓரம் ரம்பப் பல்லாக விரலில் தட்டியது. தைத்த நைலான் நூலின் முனைகள் ஊசிபோல நீட்டிக்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை காலை படிவத்தோடு வந்த மேலாளர், லேபிள் கட்டின் புடைப்பு இல்லாத அவருடைய காலரைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"லேபிள் எங்கம்மா?"

"எடுத்துட்டேன் சார்."

"ஐயையோ! அப்ப இது பட்டுன்னு எப்படித் தெரியும்?"

"போட்டா தெரியுது சார்."

"தோலுக்கு உகந்ததுன்னு யார் சொல்றது?"

"தோல்தான் சார்."

விதியை எடுத்துரைக்க மேலாளர் விரலை உயர்த்தினார். பாதி வழியில் அது தானாகத் திரும்பிப் பிடரிக்குப் போயிற்று. விரல் போதவில்லை. கையிலிருந்த படிவத்தைச் சுருட்டி அதன் முனையால் சொறிந்தார். பிறகு வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பிளேடு ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"குனிங்க சார். லேபிளைக் கத்தரிக்கக் கூடாது; மிச்சம் நிக்கிற ஓரம் இன்னும் மோசமா குத்தும். தையலை ஒவ்வொண்ணா அறுத்து, நூலையும் உருவி எடுத்துடணும். அவ்வளவுதான், மூணு நாள்ல ஆறிடும். பட்டு பாவம் சார், அது யாரையும் ஒண்ணும் பண்ணலை. அதைப் பத்தி நீங்க எழுதித் தைச்சதுதான் எங்களை இத்தனை நாளா குத்திக்கிட்டு இருந்துச்சு."