அடுத்த பார்ட்டி

வாடகை வீடு ஒன்றுக்கு முன்பணமாகப் பத்தாயிரம் டோக்கன் கொடுத்து மூன்று நாள்கூட ஆகவில்லை, அதற்குள் அந்த வீடு வேண்டாம் என்று ஆகிவிட்டது. வேண்டாம் என்று சொன்னவர் ஸ்டெனியின் மாமனார். வீட்டில் ஒரு குறையும் கிடையாது. குறை ரோட்டில் இருந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் மாமனாரின் தேவாலயச் சபை, வீடு இருக்கிற அந்தப் பக்கம் வேறு சபை. அடுத்த மாதம் நடக்கும் சபைக் கமிட்டித் தேர்தலில் அவர் நிற்கிறார்.

"எனக்க மருமவனே கோயிலு மாறிப் போனா, மத்தவன் எனக்கு எதுக்குடே ஓட்டுப் போடுவான்?" என்றார்.

"கோயிலு மாறல்ல மாமா. வீடுதான் மாறுகோம்."

"ரோட்டக் கடந்தா எல்லாம் ஒண்ணுதான்."

மார்த்தாண்டத்தில் மாமனார் பேச்சைத் தட்டிய மருமகன்கள் உண்டு. தேர்தலில் நிற்கிற மாமனார் பேச்சைத் தட்டியவர்கள் இல்லை. ஸ்டெனி தலையை ஆட்டிவிட்டான்.

தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், பிரிஜா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தப் பத்தாயிரம் பிள்ளைக்க ஸ்கூல் பைசா. ஓர்ம இருக்கா? வெள்ளிக்கெழம நாலு மணிக்குள்ள கட்டலேன்னா எல்.கே.ஜி. சீட்ட வேற பிள்ளைக்குக் குடுத்துருவாங்க."

"புரோக்கர்ட்ட கேட்டா தந்துருவாரு பிள்ளே."

"கேப்பீங்களா? நீங்க கேப்பீங்களா?"

அவள் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. ஸ்டெனி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறான். "இப்ப தெளிவா தெரியுதா சார்? இது இன்னும் கொஞ்சம் தெளிவா இருக்கா?" என்று பன்னிரண்டு வருடம் கேட்டுக் கேட்டு அவன் குரலே அப்படி ஆகிவிட்டது. பஸ்ஸில் பாக்கிச் சில்லறைகூடக் கேட்டு வாங்கத் தெரியாதவன்.

திங்கட்கிழமை புரோக்கர் குமாரதாஸைப் பார்க்கப் போனான். ஐம்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு பை. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கிற டீக்கடைதான் அவருக்கு ஆபீஸ். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வாடிப்போனது. பத்தாயிரத்தைத் தொலைத்தது ஸ்டெனியா அவரா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

"மொதல்ல பழம்பொரி தின்னும் தம்பி," என்றார்.

"பைசா, அண்ணாச்சி..."

"அது எங்கிட்ட இல்ல. நீரு தந்த அன்னைக்கே கருங்கல் ஊர்க்காரர் ஒருத்தருக்குக் குடுத்தாச்சு. அவரும் ஒம்ம மாரி டோக்கன் குடுத்துட்டு வீடு வேண்டாம்னு சொன்னவருதான்."

"அப்போ எனக்கு?"

"அடுத்த பார்ட்டி வரும். அவரு தாற டோக்கன் அப்படியே ஒமக்கு. அதுல எனக்கு ஒரு பைசா வேண்டாம்."

"அடுத்த பார்ட்டி எப்ப வரும்?"

குமாரதாஸ் ரோட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "நீரும் நாலு எடத்துல சொல்லி வையும்," என்றார்.

சண்டை போடுவது என்று தீர்மானித்துக்கொண்டு போனவன் இரண்டு பழம்பொரி தின்றுவிட்டு, நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான்.

செவ்வாய்க்கிழமை ஒரு பார்ட்டி தானாகவே கடைக்கு வந்தது. பெயர் பர்வேஸ். தேங்காப்பட்டணத்துக்காரன், கடை கடையாக பிஸ்கட் சப்ளை செய்கிறவன். உடைந்த கண்ணாடிக் காலை ஒட்ட வந்தவனிடம், ஸ்டெனி மெல்ல வீட்டுப் பேச்சை எடுத்தான்.

"எனக்க லோடு ஆட்டோ உள்ள போவுமா மக்கா? அதுதான் முக்கியம்."

அந்த வீட்டுக்குப் போகிற இடவழி எவ்வளவு அகலம் என்று ஸ்டெனிக்குத் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும்.

"தாராளமா போவும்," என்றான்.

அவன் சொன்னது பொய்யாகவில்லை. மறுநாள் ஆட்டோ தாராளமாக உள்ளே போனது. திரும்பி வரத்தான் மறுத்துவிட்டது. இரண்டு மணிநேரம் முன்னும் பின்னும் போய், கடைசியில் பக்கத்து வீட்டு மதிலில் ஆறடியைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்தது.

அந்தப் பக்கத்து வீடு தங்கபாயினுடையது. வாடகை வீட்டின் சொந்தக்காரர் மஸ்கட்டில் இருப்பதால், அதன் சாவி இருப்பதும் அவளிடம்தான். அவள் மதிலைப் பார்த்தாள், பிறகு ஸ்டெனியைப் பார்த்தாள்.

"இத ஆரு கெட்டித் தருவா?"

பர்வேஸ் ஸ்டெனியைப் பார்த்தான். ஸ்டெனிக்குப் பார்க்க யாரும் மிச்சமில்லை. கொத்தனாருக்கும் சிமென்ட்டுக்குமாக ஆயிரத்து இருநூறு ரூபாய் எண்ணிக் கொடுத்தான்.

பர்வேஸ் நல்லவன். வீடு தனக்குத் தோதுப்படாவிட்டாலும், ஸ்டெனி படுகிற பாடு அவனுக்குப் பொறுக்கவில்லை. "நீ பேடிக்காத மக்கா, நான் ஒரு வழி செய்யுகேன்," என்று சொல்லிவிட்டுப் போனான். வியாபாரிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் வீட்டுப் படத்தைப் போட்டு, கீழே ‘தொடர்புக்கு: புரோக்கர் ஸ்டெனி’ என்று நம்பரையும் போட்டுவிட்டான். அதுதான் அவன் செய்த வழி.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் இருபத்து மூன்று அழைப்புகள் வந்தன. கிணறு வற்றுமா, மோட்டார் ஓடுமா, கரண்டு மீட்டர் தனியா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி. ஒரு பெரியவரின் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டே ஸ்டெனி மோட்டாரைப் பற்றி விளக்கியதில், மருந்து மூக்கில் போய்விட்டது.

"இது கண்ணாடிக் கடையா, வீட்டுக் கடையா?" என்று முதலாளி கேட்டார். "நீ போயி வீட்ட வித்துட்டு வா. அரைநாள் சம்பளம் கெடையாது."

கிடைத்த அரைநாளை வீணாக்க வேண்டாம் என்று, ஓடாத மோட்டாரைத் தொள்ளாயிரம் ரூபாய் செலவில் ஓடவைத்தான். பத்தாயிரத்தைத் திரும்ப வாங்க இதுவரை இரண்டாயிரத்து நூறு செலவாகிவிட்டது. இதைப் பிரிஜாவிடம் சொல்லவில்லை. சில கணக்குகளைக் கர்த்தரிடம் மட்டும் சொல்வதுதான் குடும்பத்துக்கு நல்லது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு, போனில் விசாரித்தவர்களில் ஒருவரான இஸ்ரவேல் வீடு பார்க்க வந்தார். மின்வாரியத்தில் வேலை. பூதப்பாண்டியிலிருந்து மார்த்தாண்டத்துக்கு மாற்றல் ஆகியிருந்தது. ஸ்டெனி வீட்டைச் சுற்றிக் காட்டினான். எங்கே ஜன்னலைத் திறக்க வேண்டும், எந்தக் குழாயைத் திறக்கக் கூடாது என்றெல்லாம் அவனுக்கு இப்போது அத்துப்படி.

"காத்து நல்லா வரும் அண்ணாச்சி. தண்ணி கல்கண்டு மாரி இருக்கும். இந்த மதிலப் பாருங்க, புத்தம் புதுசு."

அதைச் சொன்னது தன் வாய்தானா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இஸ்ரவேல் குழாயைத் திறந்து ஒரு கை குடித்துப் பார்த்தார். "கொள்ளாம்," என்றார். மணி மூன்று. பையிலிருந்து பத்தாயிரத்தை எடுத்தார்.

"ரெசீட்டு தாரும். ஆரு பைசா வாங்குகாரோ அவருதான் ஒப்பு போடணும். எங்க டிபார்ட்மென்ட்டுல அதான் முறை."

ஸ்டெனி வெளியே வந்து குமாரதாஸுக்குப் போன் போட்டான்.

"அண்ணாச்சி, பார்ட்டி பைசா தாறாரு. எனக்க ஒப்பு வேணும்னு கேக்காரு. போடவா?"

எதிர்ப்பக்கம் டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ஒம்ம பேர்லயே ரெசீட்டா தம்பி?"

"ஆமா. இல்ல, நீங்க வாறதுன்னா..."

"வேண்டாம், வேண்டாம்! நீரே போடும். பைசாவ நீரே எடுத்துக்கிடும்." குமாரதாஸின் குரல் தழுதழுத்தது. "தம்பி, நீரு நல்லா இருக்கணும். ஒமக்க பிள்ள நல்லா இருக்கணும்."

இந்தக் காலத்தில் இப்படி ஒரு புரோக்கரா என்று ஸ்டெனிக்குக் கண் கலங்கிவிட்டது. கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கினான். மூன்று ஐம்பதுக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டினான். வீட்டுக்கு வந்து ரசீதைப் பிரிஜாவின் கையில் கொடுத்தபோது அவள் சிரித்தாள். கல்யாணம் ஆகி ஆறு வருடத்தில் அவனுக்கு அத்தனை சந்தோஷம் வந்ததில்லை.

அந்தச் சந்தோஷம் ஆறு மணி வரை இருந்தது. ஆறு மணிக்கு இஸ்ரவேல் கூப்பிட்டார்.

"தம்பி, எனக்க டிரான்ஸ்பர் கேன்சல் ஆயிட்டு. பூதப்பாண்டியிலயே இருக்கச் சொல்லிட்டாங்க. அந்த டோக்கன நாளைக்கு வாங்கிக்கிடட்டா?"

மேசைமேல் பள்ளிக்கூட ரசீது கிடந்தது. பக்கத்தில் ஸ்டெனியின் மகள் புது ஸ்லேட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு மனிதனுடைய பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டோம் என்ற வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. ஆனால் வாய் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

"பைசா எங்கிட்ட இல்ல அண்ணாச்சி. அடுத்த பார்ட்டி வரட்டும். அவரு தாற டோக்கன் அப்படியே ஒங்களுக்கு. அதுல எனக்கு ஒரு பைசா வேண்டாம்."

"அடுத்த பார்ட்டி எப்ப வரும்?"

ஸ்டெனி ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தான்.

"எங்கிட்ட ரெசீட்டு இருக்கு, பாத்துக்கிடும்," என்று சொல்லிவிட்டு இஸ்ரவேல் போனை வைத்தார்.

சனிக்கிழமை காலையில், வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்டெனிக்கு உண்மையான கோபம் வந்தது. குமாரதாஸின் போன் அணைந்து கிடந்தது. டீக்கடையிலும் ஆளில்லை. இடவழியில் ஓட்டமும் நடையுமாகப் போய்த் தங்கபாயின் கதவைத் தட்டினான்.

"அக்கா, அந்தப் புரோக்கர் எங்க? ஒரு வீட்ட வச்சி ஊர ஏமாத்துகாரு! அவர சும்மா விடமாட்டேன்!"

தங்கபாய் அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவள் முகத்தில் இரக்கம் தெரிந்தது. உள்ளே போய், குமாரதாஸ் கக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"ஒமக்குக் குடுக்கச் சொல்லி நேத்து சாயங்காலமே தந்துட்டு, சிரிச்சிட்டே பஸ் ஏறிட்டாரு. அவரு எங்க தம்பி புரோக்கரு? ஏழு வருசத்துக்கு முன்ன இந்த வீட்டுக்கு டோக்கன் குடுத்துட்டு, அதத் திரும்பக் கேட்டு வந்தவருல்லா!"