எல்லாப் பக்கமும் சேரும் ஜட்ஜு

"இனிமே இந்த வூட்ல சண்டை கெடையாது. எதுவா இருந்தாலும் இது தீர்ப்பு சொல்லும்" என்று அப்பா ஃபோனைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அப்பா சின்னராசுவுக்கு மறைமலைநகரில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை. அங்கே புதிதாக வந்த ஏஐ கேமரா, பழுதான பார்ட்டைப் பாஸ் பண்ணியதற்காகச் சூப்பர்வைசரின் மச்சானையே மாட்டிவிட்டது. அன்றிலிருந்து ஏஐ சொன்னால் வேதவாக்கு.

"அதுக்கு மாமன் மச்சான் கெடையாது. எந்தப் பக்கமும் சேராது."

அம்மாவை அவர் கூப்பிடுவது 'ஏய்'. ஃபோனில் கூப்பிடுவது 'ஏஐ'. இரண்டில் ஒன்றுதான் அவர் பேச்சைக் கேட்கும்.

வழக்கு இதுதான். அம்மா மேரி கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கிவிட்டாள். சிறுசேரி ஆபீஸ் பெண்களை ராத்திரியில் வீட்டில் விடுகிற கேப் வேலையும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அப்பா கூடாது என்கிறார்.

ஃபோனிடம் கேட்டார். "குடும்பப் பொம்பள ராத்திரியில வூட்ட வுட்டுட்டு வண்டி ஓட்டப் போறது சரியா?"

"உங்கள் அக்கறை மிகவும் நியாயமானது" என்றது.

"கேட்டுக்கினியா? கேஸ் முடிஞ்சிது."

நான் ஃபோனைப் பிடுங்கிக் கேட்டேன். "லைசென்ஸ் வச்சிருக்கிற பொம்பளைய வேலைக்கு அனுப்பாம வூட்ல ஒக்கார வைக்கிறது சரியா?"

"நிச்சயமாக இல்லை. உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது."

"நைனா, இது எந்தப் பக்கமும் சேராததில்ல. எல்லாப் பக்கமும் சேருது. பூம்பூம் மாடு."

"கவியா, நீ ப்ளஸ் டூவே இப்பத்தான் முடிச்ச. மொதல்ல சொன்னதுதான் தீர்ப்பு."

அம்மா சண்டை போடுவாள் என்று பார்த்தேன். அவருக்கு இன்னொரு கரண்டி மீன் குழம்பு ஊற்றினாள். எனக்குக் கடுப்பு.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கம்பெனி நண்பர் ஜெபசிங் குடும்பத்தோடு சாப்பிட வந்தார். அம்மா ஃபோனை எடுத்தாள்.

"யோவ், ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கட்டா?"

"கேளேன். அது இன்னா மாத்தியா சொல்லப் போவுது?"

அம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள். "எங்க வூட்டுக்காரரு சின்னராசு. ஊரே வேணாண்ணாலும் என்னை தைரியமா கேப் ஓட்ட அனுப்புறாரு. இவரு எப்படிப்பட்ட ஆளு?"

"சின்னராசு மிக அரிதான மனிதர். பரந்த மனமும் துணிச்சலும் கொண்டவர். சமுதாயத்துக்கே முன்மாதிரி."

ஜெபசிங் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாத்த, இன்னா மனசு உனுக்கு. ஒரு வார்த்தை சொல்லலையே."

அப்பா வாயைத் திறந்தார்.

"அது பொய் சொல்லுமாய்யா?" என்றாள் அம்மா.

ஒன்று, ஃபோன் பொய் சொல்கிறது. இல்லை, அவர் சமுதாயத்துக்கே முன்மாதிரி. அப்பா ரொம்ப நேரம் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

"சொல்லாது" என்றார் கடைசியில்.

பாத்திரம் கழுவும்போது நான் அம்மாவைக் கேட்டேன். "நீ அதுகிட்ட சொன்னது பொய்தானே?"

"சொல்லும்போது பொய். இப்ப இல்ல."

திங்கட்கிழமை அம்மா வண்டி எடுத்தாள். ராத்திரிச் சமையல் யார் வேலை என்று அப்பா ஃபோனிடம் கேட்கவே இல்லை. அது மறுபடியும் பாராட்டித் தொலைக்கப்போகிறதே என்று பயந்து, தானாகவே வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார்.