டெஸ்ட் பாயும் தபால் பெட்டிச் சிவப்பும்

உலகத்தில் எவ்வளவு உறுதியாகச் செய்த பொருளும் டெஸ்ட் பாய் கையில் எடுத்தால் கொஞ்சம் நடுங்கும். கடலூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்; எதையும் சோதித்துப் பார்த்தே வாங்குவதால் தெருவே அந்தப் பெயர் வைத்தது. குடை வாங்கப் போனால் கடைக்காரரிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பார், குடிக்க அல்ல. பிளாஸ்டிக் நாற்காலி என்றால் கடையிலேயே கனமான ஆளாகப் பார்த்து, "சித்த ஒக்காருங்க" என்று கெஞ்சுவார். அவர் படியேறுவதைக் கண்டதும் டீ குடிக்கக் கிளம்பிவிடும் முதலாளிகள் உண்டு.

அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே ஒரு வழக்கு பல வருடமாகத் தீர்ப்பில்லாமல் கிடந்தது. துபாயிலிருந்து முதல் தடவை ஊருக்கு வந்தபோது மனைவிக்கு ஒரு சேலை வாங்கி வந்தார். பாயம்மா கேட்டிருந்தது நீலம். வந்தது பச்சை என்கிறார் பாயம்மா. நீலம்தான் என்கிறார் பாய். சேலையும் ஆல்பமும் மழைவெள்ளத்தில் போய்விட்டன. மிஞ்சியது பிஸ்கெட் டின்னில் இருந்த நெகட்டிவ்கள். அவற்றில் ஒன்றில் பாயம்மா அந்தச் சேலையோடு தெருமுனைத் தபால் பெட்டி பக்கத்தில் நிற்கிறார். நேரான நிறத்திலேயே இருக்கும் ஸ்லைடு ஃபிலிமாக இருந்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததுமே வழக்கு முடிந்திருக்கும். நெகட்டிவில் எல்லாமே தலைகீழ். பாயம்மா பல் கறுத்து, முடி வெளுத்து இருந்தார்.

"காதுல வாங்குனாத்தான ஒழுங்கா வாங்கியாருவாரு" என்று பாயம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கிண்டல்தான். ஆனால் பாய்க்கு அது சுருக்கென்று தைக்கும்.

"அவ கேட்டத மறந்துட்டேன்னு நெனைக்கிறா தம்பி. மறக்கல. இத கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா தெரிஞ்சிடும்" என்றார் என்னிடம்.

எப்படி ஏற்றுவது என்பதில் ஆரம்பித்தது டெஸ்ட். நெகட்டிவை என் லேப்டாப்பின் வெள்ளைத் திரைமேல் வைத்து, போனில் படமெடுத்து, ஒரு ஆப்பில் நிறத்தைத் திருப்பிக் காட்டினேன். சேலை ஊதாவாக வந்தது. பாய் சேலையைப் பார்க்கவே இல்லை.

"பொட்டி செங்கல் கலர்ல வந்திருக்கு. தள்ளு."

"பெட்டி எதுக்கு பாய்?"

"இந்தப் படத்துல எல்லாருக்கும் கலர் தெரிஞ்சது அது ஒண்ணுதான் தம்பி. பொட்டி சரியா வந்தா சேலையும் உண்மையச் சொல்லும்."

அடுத்து ஆன்லைனில் ஒரு குட்டி ஸ்கேனர் வரவழைத்தார். அதில் தபால் பெட்டி ஆரஞ்சு. வந்த அட்டைப்பெட்டியிலேயே ஸ்கேனர் திரும்பிப் போனது. பிறகு மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்டுடியோவில் பெரிய ஸ்கேனரில் எடுத்தோம். அந்தப் பிரிண்டை வாங்கி நேரே தெருமுனைக்குப் போய்த் தபால் பெட்டியின் மேலேயே ஒட்டிவைத்துப் பார்த்தார். கடிதம் எடுக்க வந்த தபால்காரர் சந்தேகத்தோடு ஒதுங்கி நின்றார்.

"நடுவுல பெயிண்ட் அடிச்சிருப்பாங்களே பாய்?"

"சிவப்பு மேல சிவப்பத்தான அடிப்பான்."

அந்தப் பிரிண்டில் சேலை அப்பட்டமான நீலம். பெட்டிதான் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

"ஜெயிச்சிட்டீங்க பாய். இதையே காட்டுங்க. பெட்டிய யாரு பாக்கப் போறா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கூச்சமாகிவிட்டது. "பொட்டி பொய் சொல்லுது தம்பி. பொய்ச் சாட்சிய வெச்சியா அவகிட்ட ஜெயிக்கிறது?"

கடைசியில் சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு ஸ்டுடியோ பற்றிக் கேள்விப்பட்டோம். நெகட்டிவை வெளிச்சப் பலகைமேல் வைத்து, நல்ல கேமராவால் மேலிருந்து எடுக்கிறார்களாம். என் பைக்கில் கிளம்பினோம். புதுச்சத்திரத்தில் டீ, அங்கே டம்ளரையும் சோதிக்காமல் விடவில்லை.

ஸ்டுடியோத் திரையில் படம் விரிந்தது. பாய் சட்டைப்பையிலிருந்து ஒரு பெயிண்ட் கடை கலர் அட்டையை எடுத்தார். ஊர்த் தபால் பெட்டியோடு ஏற்கெனவே ஒத்துப்பார்த்துக் கிழித்து வந்த சிவப்பு. அதைத் திரையோரம் வைத்தார். அச்சு அசல்.

சேலை பச்சை. மயில் பச்சை.

பாய் பிஸ்கெட் டின்னை மேசைமேல் வைத்தார். "எல்லாத்தையும் இதே மாதிரி ஏத்திடுங்க." அந்த இடத்தில் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

திரும்பி வரும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "கடையில ட்யூப்லைட்டு தம்பி. அதுல நீலமாத்தான் தெரிஞ்சிச்சி, அதுவே மனசுல நின்னுடிச்சி. ஃபிளைட்டுக்கு நேரமாயிடிச்சின்னு வெளிய எடுத்தாந்து பாக்கல. நா டெஸ்ட் பண்ணாம வாங்குனது அது ஒண்ணுதான்."

வீட்டில் படத்தை நீட்டி, "நீ சொன்னதுதான் சரி. பச்சதான்" என்றார். பாயம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ட்யூப்லைட் கதையை நான்தான் சொன்னேன்.

பாயம்மா நிமிர்ந்தார். "அப்ப நா கேட்டது ஞாபகம் இருந்திச்சா?"

"கடைக்குப் போற வழியெல்லாம் நீலம் நீலம்னு சொல்லிக்கிட்டுத்தான் போனேன்."

பாயம்மா படத்தை முந்தானையால் மெதுவாகத் துடைத்தார். "சரி. அப்ப என் நீலச் சேலை எங்க?"

இப்போது அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். கடலூர் முடிந்து சிதம்பரக் கடைகளுக்கு வந்துவிட்டோம். ஒவ்வொரு கடையிலும் பாய் சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரிக்கிறார். இதுவரை ஒன்றும் தேறவில்லை. பைக்கில் அவர் பின்னால் ஏறி என் தோளைப் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே வேண்டுதல்தான்: நாளைக்கும் இப்படிக் கிளம்ப, அவருக்குப் பிடித்த நீலம் இன்றைக்கு மட்டும் கிடைத்துவிடக் கூடாது.