எந்த வரியில் இருக்கிறது, பாட்டி?

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மூன்றாம் மாடியிலிருந்து உங்கள் மாமியார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மனைவியும் உங்கள் மகளும் சுகம். மாடிப்படி விளக்கு மட்டும் சுகமில்லை. அங்கே நீங்களும் நீங்கள் கட்டுகிற பாலமும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். பத்து வருடத்தில் நான் உங்களிடம் நேருக்கு நேர் பேசியதை எல்லாம் சேர்த்து எழுதினால் இந்தத் தாளில் பாதிகூட நிறையாது. மாமியார் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. போனில் சொல்லலாம் என்றால் உங்கள் பக்கம் பேசுகிற அளவுக்குச் சிக்னல் இல்லை, என் பக்கம் உங்கள் மனைவி இருக்கிறாள். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிறகாவது நிறுத்தினார்கள். இந்தத் தடவை மூன்றாம் வகுப்பிலேயே நிறுத்திவிட்டார்கள். நீங்கள் தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். நான் சொல்லி எழுதியது போல இருக்கக் கூடாது, உங்களுக்கே தோன்றி எழுதியது போல இருக்க வேண்டும். என்ன நடந்தது என்று தெரிந்தால்தானே உங்களுக்கே தோன்றும், ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

உங்கள் மகள் படிக்கும் மூன்றாம் வகுப்பில், பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுகிறார்கள், ஆனால் வாசித்தது என்ன என்று கேட்டால் விட்டத்தைப் பார்க்கிறார்கள் என்று, படிக்கத் தெரிந்த பெரியவர்கள் வாரம் இரண்டு நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சி கொடுக்கலாம் என ஒரு அறிவிப்பு அனுப்பியிருந்தார்கள். உங்கள் மனைவி அதைப் படித்துவிட்டு, "நீ போம்மா, மூணாவதுக்கு அஞ்சாவது தாராளம்" என்றாள். கேலியாகச் சொன்னாளோ என்னவோ, நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. இஸ்திரி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமை போய் நின்றேன். மேசைக்கு ஆறு பிள்ளைகள் என்று நான்கு மேசை. எனக்கு நான்காம் மேசை. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் நான் வக்கீலம்மா என்று கூப்பிடுகிற உங்கள் மகள், இங்கேயும் வாதாடி என் மேசைக்கே வந்துவிட்டாள். நாற்காலி மட்டும் பிள்ளைகள் உட்காருகிற அளவு. உட்காரும்போது தெரியவில்லை, எழுந்தபோது அதுவும் என்னோடு எழுந்தது. டீச்சரும் நானும் சேர்ந்து பிரித்தோம்.

முதல் பத்தி நான்கே வரி. ஒரு பெண்மணி பேருந்தில் ஏறினார், அப்போது மழை நின்றிருந்தது, இறங்கும்போது குடையை இருக்கையிலேயே மறந்துவிட்டார், நடத்துநர் அதை எடுத்து வைத்தார். கீழே மூன்று கேள்வி. எதை மறந்தார், யார் எடுத்து வைத்தார் என்ற இரண்டையும் பிள்ளைகள் ஊதித் தள்ளிவிட்டார்கள். மூன்றாவது, ஏன் மறந்தார்? முன்பல் விழுந்த ஒரு பெண், "மழை நின்னுபோச்சுல்ல, அதான்" என்றாள். எனக்கு மனசு ஆறவில்லை. "மழை நின்னா நீ செருப்பை மறப்பியா?" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு மாட்டேன் என்றாள். "அந்தம்மா வீட்ல அடுப்பை அணைச்சோமா இல்லையான்னு நினைச்சுக்கிட்டே வந்திருக்கும். அந்த நினைப்பு வந்தா குடை என்ன, கூட வந்த ஆளையே மறந்துபோகும்" என்றேன். அவ்வளவுதான், ஆறு பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். மக வீட்ல சண்டை போட்டுட்டு வந்திருக்கும் என்றது ஒன்று. புதுக் குடை வாங்கணும்னு வேணும்னே விட்டிருக்கும் என்றது இன்னொன்று. மற்ற மேசைக்காரர்கள் நாலு பத்தி முடித்தார்கள், நாங்கள் அந்தம்மாவை விட்டு நகரவே இல்லை. எல்லாம் நல்ல காரணமாக இருந்ததால் எல்லாவற்றுக்கும் சரி போட்டேன்.

அடுத்த வாரத் தேர்வில் அதே கேள்வி வந்து தொலைத்தது. நான்காம் மேசை முழுக்க மூன்றாவது கேள்வியில் பூஜ்யம். டீச்சர் நல்ல பெண், கோபத்தைக்கூடப் புன்னகைக்குள் வைத்துத்தான் தருவாள். "அம்மா, விடை பத்தியிலேயே இருக்கு. மழை நின்றிருந்ததுன்னு இரண்டாவது வரி." "இருக்கு டீச்சர். ஆனா அந்தம்மாவை யாராவது கேட்டாங்களா?" டீச்சர் கையில் இருந்த சாக்கட்டியைக் கீழே வைத்தாள். பிறகு என்னை உட்காரவைத்து முறையைச் சொல்லிக் கொடுத்தாள். தலைப்பைப் பார்த்துக் கதை என்னவாக இருக்கும் என்று ஊகிக்க வேண்டுமாம். பத்திக்கு முன்னால் கேள்வியைப் படித்துவிட வேண்டுமாம். விடை எந்த வரியில் இருக்கிறதோ அதன் அடியில் கோடு போட வேண்டுமாம், அதற்கு ஆதார வரி என்று பெயர். பத்திக்கு முன்னால் கேள்வியைப் படிப்பது, வந்த விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்பது போல எனக்குப் பட்டது. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டேன். என் பங்குக்கு நானும் ஒரு விதி சேர்த்தேன்: தாள் முடிகிற வரைக்கும் படிக்காமல் எவரும் வாயைத் திறக்கக் கூடாது. டீச்சரே அதைப் பாராட்டி, கரும்பலகையில் எழுதிப் போட்டாள்.

இந்த ஆதார வரியால் வீட்டில் நான் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாது. பல் தேய்க்கச் சொன்னால், "எந்த வரியில் இருக்கிறது, பாட்டி?" என்கிறாள் வக்கீலம்மா. உங்கள் மனைவி ஆபீசிலிருந்து களைத்து வந்து தலைவலி என்றால் ஆதாரம் கேட்கிறாள். போன வாரம் ஒரு பேச்சுக்கு, "உங்கப்பா அங்க உன்னையேதான் நினைச்சுக்கிட்டு இருப்பார்" என்று சொல்லிவிட்டேன். உடனே அம்மாவின் போனை எடுத்து, நீங்கள் ஐந்து மாதமாக அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தாள். மாப்பிள்ளை, சொல்கிறேன் என்று வருத்தப்படக் கூடாது, அதில் 'சாப்பிட்டாச்சா' என்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு முகம் சின்னதாகிவிட்டது. "சிலது வரியில இருக்காது கண்ணு, எழுதினவங்க மனசுல இருக்கும்" என்றேன். டீச்சர் சொன்ன முறைக்கு அது நேர் எதிர் என்று தெரியும், ஆனால் அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது. அவள் நோட்டில் 'சாப்பிட்டாச்சா' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு வைத்துக்கொண்டாள்.

இனிமேல்தான் வினை. அன்றாடம் கண்ணில் படுகிற அறிவிப்பு ஏதாவது கொண்டுவாருங்கள், அதை வைத்துப் பயிற்சி செய்யலாம் என்று டீச்சர் சொன்னாள். நம் மாடிப்படிச் சுவரில் ஒட்டியிருந்ததையே பிய்த்துக்கொண்டு போனேன். 'நம் குடியிருப்பில் சிலர், பலமுறை சொல்லியும் கேளாமல், மொட்டை மாடித் துணிக்கொடி முழுவதையும் தாங்களே பிடித்துக்கொள்கிறார்கள். இது தொடர்ந்தால் கொடி அவிழ்க்கப்படும். இப்படிக்கு, செயலாளர்.' நான் அதை நாலு தடவை படித்து, இரண்டாம் மாடிக்காரர்களுக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்திருந்தேன். இதை எழுதியவர் யார், எதற்காக எழுதினார், அவருடைய மனநிலை என்ன என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, 'சிலர்' என்பது யார் என்றும் கேட்டேன். வக்கீலம்மா கையைத் தூக்கினாள். "நீங்கதான் பாட்டி." "எந்த வரியில இருக்கு?" என்று நானும் விடவில்லை. "வரியில இல்ல. கொடியில இருக்கு. ஏழு புடவை." மற்ற ஐந்தும் அதையே எழுதிக்கொண்டன. அந்த ஐந்தில் ஒன்று செயலாளரின் பேத்தி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் வீட்டுக்குப் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதரிடம், "தாத்தா, இதை எழுதும்போது உங்க மனநிலை என்ன, முழு வாக்கியத்துல சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாள்.

மூன்றாம் நாள் பள்ளியிலிருந்து தாள் வந்தது. அப்படியே எழுதுகிறேன்: 'அன்புடையீர், வாசிப்பு மேசை பற்றிப் பெற்றோர் சிலரிடமிருந்தும் குடியிருப்புச் செயலாளர் ஒருவரிடமிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. தலைமையாசிரியை அவற்றைக் கவனமாகப் படித்தார். அதன்படி, வரும் செவ்வாய்க்கிழமை முதல் தாங்கள் நான்காம் மேசைக்கு வர வேண்டியதில்லை.' அதை மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துவிட்டேன். உங்கள் மனைவியிடம் முழங்கால் வலி, கொஞ்ச நாள் போகவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அவள் ஆதாரம் கேட்கவில்லை, உங்கள் மகள்தான் என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அந்த இடம் வேண்டும், மாப்பிள்ளை. அந்தக் குட்டி நாற்காலியானாலும் பரவாயில்லை. செவ்வாயும் வியாழனும் அந்த ஆறு தலையும் ஒரே தாள் மேல் குனிகிறபோது, அறுபத்து நாலு வயதில் நானும் வகுப்பில் இருக்கிறேன் என்று இருக்கும். நீங்கள் நாலு வரி நன்றாக எழுதினால் கேட்பார்கள். பாலம் கட்டுகிறவர் சொல்லுக்கு ஒரு கனம் இருக்கும்.

வெயிலில் தொப்பியைக் கழற்றாதீர்கள். உங்கள் கையால் எழும்புகிற பாலம் நூறு தலைமுறைக்கு நிற்கட்டும், நீங்களும் நோய் நொடி இல்லாமல் நல்லபடியாக இருங்கள். என் மகளிடம் இந்தக் கடிதம் பற்றி மூச்சு விட வேண்டாம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மாமியார்

பின்குறிப்பு: தலைமையாசிரியைக்கு ஒன்றும் எழுத வேண்டாம். உறை ஒட்டப் பசை எடுக்கப் போன நேரத்தில் வக்கீலம்மா இந்தக் கடிதத்தையும் கண்ணாடிக் கூட்டில் இருந்த தாளையும் எடுத்துப் படித்துவிட்டாள். "பாட்டி, மூலையில ஒரு அம்பு போட்டிருக்கே, அது எதுக்கு?" என்றாள். பின்பக்கத்துக்கு. அங்கே இருந்தது இது: 'மற்ற மேசைப் பிள்ளைகளும் தங்களிடமே வர வேண்டும் என்று கேட்பதால், நூலக அறையில் நீள மேசை போட்டிருக்கிறோம். தயவுசெய்து அங்கே வரவும். பெரியவர்கள் உட்காரும் நாற்காலி ஒன்றும் போடப்பட்டுள்ளது. பிள்ளைகள் சொல்லும் காரணங்களோடு புத்தகத்தில் உள்ள விடைக்கும் சற்று இடம் கொடுக்க வேண்டுகிறோம்.' செயலாளர் எழுதியதும் புகார் இல்லையாம், அதையும் அங்கேயே குறித்திருந்தார்கள். புத்தகத்தையே தொடாத பேத்தி இப்போது மருந்துச் சீட்டைக்கூட விடாமல் படித்துக் கேள்வி கேட்கிறாள், இதை எப்படி நிறுத்துவது என்று விசாரித்திருக்கிறார். கொடியில் பாதியை நான் காலி செய்துவிட்டேன்.

தாள் முடிகிற வரைக்கும் படிக்காமல் வாயைத் திறந்ததற்காக எனக்குப் பத்துக்கு இரண்டு போட்டாள் உங்கள் மகள். அதோடு விடாமல், பாட்டி இந்தக் கடிதத்தை எழுதிய காரணம் என்ன என்று கேள்வியும் போட்டு, அவளே விடையும் எழுதினாள்: 'அப்பா எப்போது வருவார் என்று கேட்பதற்காக.' நான் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை, பின்பக்கம் உட்பட, மறுபடி படித்தேன். அப்படி ஒரு வார்த்தை நான் எழுதவே இல்லை. "எந்த வரியில இருக்கு?" என்றேன். "வரியில இல்ல பாட்டி. சிலது அப்படித்தான்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். சரி போட்டுவிட்டேன்.

ஆகவே அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். முழு வாக்கியத்தில் எழுத வேண்டும். 'பார்க்கலாம்' என்று ஒரே சொல்லில் எழுதினால் மதிப்பெண் கிடையாதாம்.