பரிசச் சேலையும் ரெண்டு மட்கார்டும்

இரும்பைத் துடைத்துப் பளபளப்பாக்கத் தெரிந்தவனெல்லாம் மெக்கானிக் ஆகிவிட முடியாது. இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறுவதற்குள், மாமனார் வீட்டில் எனக்கிருந்த மரியாதை மொத்தமும் காலியாகிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. பசுவந்தனையில் மாமனாரின் பருத்திக் கொட்டடியில் அவர் வாலிபத்தில் ஓட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று கிடந்தது. சீட்டின்மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"நான் சரிபண்ணி ஓட்டுறேன் மாமா" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். தீப்பெட்டி ஆபீசில் பேனா பிடிக்கிற கை. "கோழிய எறக்கி விட்டுட்டு எடுத்துக்கோங்க மாப்ளே" என்றார்.

அதற்கப்புறம் கோவில்பட்டியில் எங்கள் ஒற்றை அறை வீடு வீடாக இல்லை. என் மனைவி செல்வி இட்லிக் கொப்பரையைத் தேடினால் அதற்குள் கார்புரேட்டர் ஊறிக்கொண்டிருக்கும். பழைய பத்திரிகை ஒன்றில் அந்த வண்டியின் விளம்பரப் படம் கிடைத்தது. அதைச் சுவரில் ஒட்டிக்கொண்டேன் (சாமி படத்துக்குப் பக்கத்தில்தான். மாமியாருக்கு அதில் வருத்தம்). படத்தில் எப்படி இருக்கிறதோ, அச்சு அசலாக அப்படியே வண்டி வரவேண்டும் என்பது என் வைராக்கியம்.

எல்லாம் வந்தது. மட்கார்டு மட்டும் இடித்தது. படத்தில் அது டயரை ஒட்டி அழகாக வளைந்திருந்தது. மாமனார் வண்டியிலோ வேறு ஓட்டை போட்டு, முன்னும் பின்னும் நாலு விரக்கடை தூக்கி மாட்டியிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"எங்கப்பா காரணமில்லாமலா தூக்கி வச்சிருப்பாவ? ஒரு வார்த்தை கேட்டுட்டு எறக்குங்க" என்றாள் செல்வி.

"ஒரிஜினல்னா ஒரிஜினல்தான்" என்று சொல்லி, பழைய ஓட்டைக்கே இறக்கி மாட்டினேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. நிக்கல் பூச்சில் என் முகம் தெரிந்தது. அன்றைக்கு அந்த முகம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அந்த ஐப்பசியில் மச்சினனுக்குப் பரிசம் போட நாள் குறித்தார்கள். பெண் வீடு கடம்பூருக்கு அந்தப் பக்கம். மாப்பிள்ளை வீட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் பெண் சபைக்கு வரவேண்டும். சேலையும் ஜாக்கெட்டும் கோவில்பட்டி டெய்லரிடம் இருந்தன. நாங்கள் வாங்கிக்கொண்டு போகவேண்டும். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும்.

"ராத்திரி மழ பெஞ்சிருக்கு. பஸ்ஸுல வந்துருங்க மாப்ளே" என்று மாமனார் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டுச் சொன்னார். கேட்பேனா? சொந்தபந்தம் அத்தனை பேரும் கூடியிருக்கும் வாசலில் நான் அந்த வண்டியில் போய் இறங்கவேண்டாமா?

வண்டி கிளம்பவே முக்கால் மணி நேரம் ஆனது. உதைத்து உதைத்து என் வலது கால் செருப்பு அறுந்தது. விட்ட நேரத்தைப் பிடிக்கலாமென்று, தார்ரோட்டை விட்டுக் கரிசல் காட்டு வண்டிப்பாதையில் குறுக்கே இறக்கினேன். கோவில்பட்டிக்காரனுக்கு மழை பெய்த கரிசலைப் பற்றித் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். கர்வம் கண்ணை மறைத்தது, அவ்வளவுதான்.

கொஞ்சதூரம்தான் போயிருப்போம். சக்கரம் சுற்றச் சுற்ற மண் அப்பிக்கொண்டே ஏறியது. ஏறின மண் வெளியே போக வழியில்லாமல் மட்கார்டுக்குள் கெட்டித்து, ரெண்டு சக்கரமும் அப்படியே நின்றுவிட்டன. தள்ளினால் உருளவில்லை. ஸ்டாண்டு போடாமலே வண்டி நின்றது. குச்சியால் நோண்டினேன், விரலால் நோண்டினேன், அழுகை வந்தது.

"மட்கார்டக் கழத்துங்க" என்றாள் செல்வி.

"ஸ்பேனர் இல்ல."

"எங்க?"

"வீட்டுல. டூல் பாக்ஸுக்கு இப்பத்தான் பெயிண்ட் அடிச்சேன். கீறல் விழுந்துரும்னு..."

அவள் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள். அதுதான் பயமாக இருந்தது.

செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் குனிந்து பார்த்தார். "ஏன் அண்ணாச்சி, மட்கார்ட இப்பிடி ஒட்டவா மாட்டுவாவ?"

"ஒரிஜினல்" என்றேன். அவர் ஆடுகளைப் பார்த்துக்கொண்டார்.

அவரிடம் வழி கேட்டுக்கொண்டு, செல்வி சேலைப் பையைத் தலையில் வைத்துச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நானும் வாரேன்" என்றேன்.

"வண்டியத் தனியா விட்டுட்டா? நீங்க அதுக்குத்தான வாக்கப்பட்டிருக்கீய, அங்கனயே கெடங்க!" என்று சொல்லிவிட்டு நடந்தாள். முழங்கால்வரை சேற்றோடு அவள் போய்ச் சேர்ந்தபோது ராகுகாலம் பிறக்கச் சொற்ப நேரம்தான் இருந்ததாம். பெண் அவசர அவசரமாகச் சேலையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாளாம். "மருமகன் எங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "காட்டுல வண்டிக்குக் காவல்" என்று அடக்கமாகப் பதில் சொல்லியிருக்கிறாள்.

சாப்பாட்டுப் பந்தி முடிந்தபிறகு மாமனார் வந்தார். ஒரு கையில் ஸ்பேனர், ஒரு கையில் எனக்கு இலைப் பொட்டலம். நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் ரெண்டு மட்கார்டையும் கழற்றி மண்ணை வழித்துப் போட்டார். ஒரே உதைதான் உதைத்தார். பாவி வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது!

"ரெண்டு பேரு ஏறுனா அழுந்தும் மாப்ளே. நீங்க அதத் தூக்கிட்டுப் பையப் பைய நடந்து வாங்க" என்று மட்கார்டுகளைக் காட்டிவிட்டுப் போனார்.

ஆக, நான் கனவு கண்ட அந்த வாசலில் வண்டி என்னவோ கம்பீரமாகத்தான் போய் இறங்கியது, மாமனாரோடு. நான் பின்னால், ஒற்றைச் செருப்போடு, கையிடுக்கில் பக்கத்துக்கு ஒன்றாகப் பளபளக்கும் மட்கார்டுகளோடு போய்ச் சேர்ந்தேன். பரிசம் முடிந்த பெண் பார்த்துவிட்டுச் சிரித்ததில் பூ அவிழ்ந்து விழுந்தது. வண்டி அதோடு பசுவந்தனைக்குப் போய்விட்டது. மாமனார் கேட்கவுமில்லை, நான் மறுக்கவுமில்லை. மட்கார்டுகள் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன.

அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும், மச்சினன் பெண்டாட்டி, "அண்ணே, மட்கார்ட மறந்துராதீய" என்பாள். சரி, வீட்டுக்குள்தானே என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் என் மகளுக்குப் பரிசம். மாப்பிள்ளை வீட்டாரைக் காணோமே என்று சம்பந்திக்குப் போன் போட்டேன். இன்னும் முகம்கூடச் சரியாகப் பழகாத மனுஷன்.

"பயப்படாதீய சம்பந்தி, சேலை பத்திரமா வருது" என்றார். "நாங்க பஸ்ஸுலதான் வாரோம்."

திரும்பிப் பார்த்தேன். செல்வி வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவதில் ரொம்ப மும்முரமாக இருந்தாள்.