உறை பிரிக்காதவர்

தூண்டில் முள்ளை விழுங்கிய ஆமை ஒன்று வேனில் வந்துகொண்டிருக்கிறது என்ற செய்தி காலை பத்தேகாலுக்கு வந்தது. கடல் ஆமை மருத்துவமனையின் ஸ்டோர் கீப்பர் அப்போது புதிய அறுவை மேசைக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, அந்த உறையில் தூசி படியாமலிருக்க அதன் மேல் ஒரு பெட்ஷீட்டும் போர்த்திக்கொண்டிருந்தார்.

வாசகரே, இவர் தனி ஆள் இல்லை, ஓர் இனம். இவர்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் வரும். ரிமோட்டைப் பாலிதீன் வழியாக அமுக்கி அமுக்கி மூன்றாவது தடவைதான் சேனல் மாறும். கல்யாணப் பரிசாக வந்த டின்னர் செட், மகள் கல்யாணத்தின்போது அதே அட்டைப் பெட்டியில் பரிசாகவே கிளம்பும். ஏன் என்று கேட்டுப் பாருங்களேன்? "நல்ல சாமான் ஆச்சே!" என்பார்கள். கெட்ட சாமானுக்குத்தான் உழைப்பு. நல்ல சாமானுக்கு ஓய்வு.

ஊரார் நன்கொடையில் வந்த எக்ஸ்ரே, மானிட்டர், செயற்கைச் சுவாசம் தரும் வென்டிலேட்டர் எல்லாம் ஸ்டோரில் சீல் உடையாமல் சுகமாக இருந்தன. சாவி அவர் இடுப்பில்.

ஆமை வந்து இறங்கியதும் டாக்டரம்மா ஓடி வந்தார். "சார், வென்டிலேட்டரைப் பிரிங்க. உடனே ஆபரேஷன்."

"புது ஆபரேஷன் தியேட்டர் திறப்பு விழாவுக்கு இன்னும் பன்னெண்டே நாள்தானே மேடம்?"

"அதை ஆமைகிட்ட சொல்லுங்க."

"அதுக்குத்தான் மூச்சடக்கத் தெரியுமே! கடலுக்கடியில மணிக்கணக்கா இருக்குதாம். நமக்காக ஒரு மணி நேரம் இருக்காதா?"

"மயக்க மருந்து குடுத்தா அது மூச்சு விடவே மறந்துடும் சார். நாமதான் விடவைக்கணும்."

"கையால அமுக்குற பலூன் இருக்கே. பழசுதான், தங்கமா வேலை செய்யுது."

டாக்டரம்மா கையுறையை மாட்டினார். வாதாட நேரமில்லை. "சரி, வாங்க. நீங்களே அமுக்குங்க."

பதினைந்து விநாடிக்கு ஒரு அமுக்கு. அமுக்கும்போதெல்லாம் ஆமையின் தோளருகே மெத்தென்ற தோல் உப்பி எழும், விட்டால் அடங்கும். முதல் பத்து நிமிடம் நம்மவருக்கு ஒரே பெருமை: இதற்கா அவ்வளவு பெரிய மெஷின்? பிறகு மூக்கு அரித்தது. பிறகு சட்டைப் பையில் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. பிறகு கட்டைவிரல் என்று ஒன்று தமக்கு இருந்த ஞாபகமே போய்விட்டது.

"இன்னும் எவ்வளவு நேரம் மேடம்?"

"முள்ளு உள்ளே இறங்கியிருக்கு. இன்னும் ஒன்றரை மணி நேரம்."

அந்த நேரம் பார்த்துப் பலூன் புஸ்ஸென்றது. ஓரத்தில் விரிசல். அமுக்கினார்; தோல் எழவில்லை. விரிசலை உள்ளங்கையால் பொத்தி மறுபடி அமுக்கினார், பாதிதான் எழுந்தது. அதற்கு மேல் அவருக்கு விழாவும் தெரியவில்லை, சீலும் தெரியவில்லை.

"நர்ஸம்மா! இடுப்புல சாவி, எடும்மா! ஓடு!"

ஸ்டோரிலிருந்து நர்ஸின் குரல் வந்தது. ஆறு மாதம் அவரிடம் ஸ்டோர் வேலையும் கற்றவள் அல்லவா? "சார், கத்தரியைக் காணோம்! அட்டை கெடாம டேப்பை மெதுவா உரிக்கவா?"

"கிழி!" என்று அலறினார். "கிழிடீ என் தாயே! பல்லால கடிச்சாவது கிழி!"

வென்டிலேட்டர் ஓடியது. முள் வெளியே வந்தது. மாலை ஆறு நாற்பதுக்கு ஆமை தானாக ஒரு மூச்சு விட்டது. பெரிய, அலுத்துக்கொண்ட மூச்சு. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரும் கூடவே ஒன்று விட்டார்.

சிரித்தாயிற்றா? நல்லது. உங்கள் அலமாரியின் மேல்தட்டில், நல்ல நாளுக்கென்று மடிப்புக் கலையாமல் ஒன்று இருக்குமே, அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள். அந்த நாள் எது என்று யாராவது உங்களிடம் தேதி சொல்லியிருக்கிறார்களா?

மறுநாள் காலை மானிட்டர் பெட்டியைப் பிரிக்க அவரே முன்வந்தார். கிழிக்கவில்லை, நகத்தால் உரித்தார். டேப் இன்னும் பாதியில் நிற்கிறது.